கொத்துவேலை ஒப்பந்ததாரர் காப்பீடு: வரலாறும் தெரிவும்

கொத்துவேலை ஒப்பந்ததாரர் காப்பீடு என்பது செங்கல், கருங்கல், பூச்சு வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர், அவ்வேலையின்போது நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடு கொடுக்கும் சுமையைக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் ஏற்றிவைக்கும் ஏற்பாடு. இது ஒரே பாலிசி அல்ல. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு விபத்துகளையும் வழக்குகளையும் ஒட்டி உருவான பல பாலிசிகளின் தொகுப்பு. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதை அறிந்தால், ஓர் ஒப்பந்ததாரருக்கு எது தேவை, எது போதாது என்பது தெளிவாகும்.

நான்கு கேள்விகள்

கட்டிக்கொண்டிருக்கும் சுவர் ஒன்று சரிந்தால் நான்கு வகையான இழப்புகள் நேரலாம். சாரத்தில் நின்ற கொத்தனாரோ, கீழே கலவை சுமந்த சித்தாளோ இறக்கலாம், ஊனமுறலாம். தெருவில் சென்றவர் அடிபடலாம், பக்கத்து வீடு விரிசல் காணலாம். அதுவரை கட்டிய பகுதியும் அடுக்கிவைத்த செங்கலும் சிமெண்டும் வீணாகலாம். சுவர் சரிந்ததற்கு மோசமான கலவையே காரணம் என்றால், அதை இடித்துத் திரும்பக் கட்டும் செலவு ஒன்று வரும்.

இந்த நான்குக்கும் யார் பணம் கொடுப்பது என்பதே கட்டுமானக் காப்பீட்டின் வரலாறு. முதல் மூன்று கேள்விகளுக்கும் தனித்தனிப் பாலிசிகள் பிறந்தன. நான்காவது கேள்விக்குப் பெரும்பாலான நாடுகளில் இன்றும் பாலிசி இல்லை. அந்தச் செலவு வேலை செய்தவரின் தலையிலேயே நிற்கிறது.

பழைய சட்டம்

கட்டுபவரின் பொறுப்பைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய விதிகளில் பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்தொகுப்பில் உள்ளவை முக்கியமானவை. கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தொகுப்பு பொறிக்கப்பட்ட கல்தூண் 1901-1902 ஆண்டுகளில் ஈரானின் சூசா நகரில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதன் 228-ஆம் விதி வீடு கட்டுபவருக்குப் பரப்பளவுக்கு ஏற்ப வெள்ளியில் கூலி நிர்ணயிக்கிறது. அடுத்த ஐந்து விதிகள் அவருடைய பொறுப்பைச் சொல்கின்றன.

உறுதியில்லாமல் கட்டிய வீடு இடிந்து உரிமையாளர் இறந்தால் கட்டியவருக்கு மரணதண்டனை. உரிமையாளரின் மகன் இறந்தால் கட்டியவரின் மகனுக்கு மரணதண்டனை. அடிமை இறந்தால் பதிலுக்கு ஓர் அடிமை. பொருள் சேதமானால் அதற்கு ஈடு கொடுத்து, இடிந்த வீட்டையும் சொந்தச் செலவில் திரும்பக் கட்டவேண்டும். சுவர் சாய்ந்துவிட்டால் சொந்த வெள்ளியைச் செலவழித்து உறுதிப்படுத்தவேண்டும்.

இந்த விதிகள் வீட்டுக்காரரைக் காக்கின்றன. கட்டும்போது இறக்கும் வேலையாளைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளி மிக நீண்ட காலம் நீடித்தது.

லண்டன் தீயும் செங்கல் வீடும்

நவீனக் கட்டடக் காப்பீட்டின் தொடக்கம் 1666-ஆம் ஆண்டின் லண்டன் பெருந்தீயுடன் இணைத்துச் சொல்லப்படுகிறது. செப்டம்பர் 2 அன்று தொடங்கிய தீயில் ஏறத்தாழ 13,200 வீடுகள் எரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை மரவீடுகள். 1667-இல் இயற்றப்பட்ட மறுகட்டுமானச் சட்டம் புதிய வீடுகளின் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமையவேண்டும் என்றது.

நகரைத் திரும்பக் கட்டியவர்களில் ஒருவர் நிக்கோலஸ் பார்பன். மருத்துவம் படித்தவர், கட்டுமானத் தொழிலில் இறங்கியவர். 1680களின் தொடக்கத்தில் இவர் கூட்டாளிகளுடன் சேர்ந்து தீக்காப்பீட்டு அலுவலகம் ஒன்றை நிறுவினார். அங்கே மரவீட்டுக்கான பிரீமியம் செங்கல் வீட்டுக்கானதைப் போல இருமடங்கு. கொத்துவேலையின் தரத்தைப் பணக்கணக்காக மாற்றிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. ஆனால் கட்டி முடித்து ஒப்படைக்கப்பட்ட வீட்டின் உரிமையாளருக்கே இந்தக் காப்பீடு உதவியது. கட்டுபவருக்கும் அவரிடம் வேலை செய்தவர்களுக்கும் இதனால் பயன் இல்லை.

வேலையாளின் உயிர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டனில் ரயில்பாதை, சுரங்கம், தொழிற்சாலை, பல மாடிக் கட்டடம் என வேலைகள் பெருகின. விபத்துகளும் பெருகின. அடிபட்ட வேலையாள் முதலாளியிடம் இழப்பீடு பெறுவது மிகக் கடினமாக இருந்தது. 1837-இல் தீர்ப்பான பிரீஸ்ட்லி எதிர் ஃபவ்லர் வழக்கு இதற்கு வழிவகுத்தது. இறைச்சிக்கடை ஊழியர் ஒருவர் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்தார். ஜூரி அவருக்கு 100 பவுண்டு வழங்கியது. மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதிலிருந்து வளர்ந்த கொள்கையின்படி, உடன் வேலை செய்பவரின் தவறால் ஒருவர் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல. சாரம் கட்டியவரின் தவறால் கொத்தனார் விழுந்தால் அது கொத்தனாரின் விதி என்று ஆனது.

1880-இல் வந்த முதலாளி பொறுப்புச் சட்டம் இந்தக் கொள்கையைச் சற்றே தளர்த்தியது. அதே ஆண்டில் முதலாளிகளின் இப்புதிய பொறுப்பைக் காப்பீடு செய்வதற்கென்றே லண்டனில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. சட்டம் ஒரு பொறுப்பை ஏற்றிவைத்ததும் அதைச் சுமக்கக் காப்பீடு பிறக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. பிஸ்மார்க் காலத்தில் 1884-இல் இயற்றப்பட்ட விபத்துக் காப்பீட்டுச் சட்டம், யாருடைய தவறு என்று கேட்பதையே நிறுத்தியது. முதலாளிகள் தொழில்வாரியாகச் சங்கம் அமைத்து, தாங்களே பணம் செலுத்தி, அடிபட்டவருக்கு இழப்பீடு தரவேண்டும். கொத்துவேலை, தச்சு, கூரைவேலை, கல்தச்சு, கிணறு வெட்டுதல் ஆகிய தொழில்களை அச்சட்டம் முதல் பிரிவிலேயே பெயர் சொல்லிச் சேர்த்தது.

பிரிட்டன் 1897-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. இதிலும் முதலாளியின் தவறை நிரூபிக்கவேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் போதும். ஆனால் கட்டட வேலைக்கு ஒரு வரம்பு வைக்கப்பட்டது. கட்டடம் 30 அடிக்கு மேல் உயரமாக இருக்கவேண்டும். அதோடு சாரம் கட்டி வேலை நடக்கவேண்டும், அல்லது இடிப்பு வேலையாக இருக்கவேண்டும், அல்லது இயந்திர விசை பயன்படவேண்டும். 28 அடி உயரக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. 1906-இன் சட்டம் இவ்வகை வரம்புகளை நீக்கிப் பெரும்பாலான வேலைகளுக்கும் இழப்பீட்டை விரிவாக்கியது. 1969-இல் பிரிட்டன் முதலாளி பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2010 முதல் இது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. பிரிட்டிஷ் சட்டத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரியும். அண்மைக்காலம் வரை இதன் இரண்டாம் அட்டவணையிலும் கட்டடத்துக்கு உயர வரம்பு இருந்தது. ஒரு மாடிக்கு மேற்பட்டதாகவோ, தரையிலிருந்து கூரை உச்சி வரை 12 அடியோ அதற்கு மேலோ உள்ளதாகவோ கட்டடம் இருக்கவேண்டும் என்றது அது.

இச்சட்டத்தின் மூன்று கூறுகள் கொத்துவேலை ஒப்பந்ததாரரை நேரடியாகப் பாதித்தன.

முதலாவது, தொழிலாளியின் கவனக்குறைவு. மது அருந்தியிருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற காரணங்களைக் காட்டிச் சிறு காயங்களுக்கான பொறுப்பை முதலாளி மறுக்கலாம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதம் செல்லாது.

இரண்டாவது, பன்னிரண்டாம் பிரிவு. ஒரு கட்டுமான நிறுவனம் தன் தொழிலின் ஒரு பகுதியை மேஸ்திரி ஒருவரிடம் ஒப்பந்தத்தில் விட்டால், மேஸ்திரியின் ஆட்கள் அடிபடும்போது நேராக நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். நிறுவனம் கொடுத்த தொகையை மேஸ்திரியிடமிருந்து திரும்பப் பெறலாம். தொழிலாளியின் குடும்பத்துக்கு இது பாதுகாப்பு. மேஸ்திரிக்கோ, பெரிய நிறுவனம் மேலே இருக்கிறது என்பதால் தன் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதற்கான எச்சரிக்கை.

மூன்றாவது, தொகையின் அளவு. மரணத்துக்கான இழப்பீடு மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. கணக்கில் கொள்ளும் மாதக் கூலியின் உச்சவரம்பு 2020-இல் 15,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 30 வயதுக்கான காரணி 207.98. ஆகவே மாதம் 15,000 ரூபாயோ அதற்கு மேலோ கூலி பெற்ற 30 வயதுக் கொத்தனார் இறந்தால் இழப்பீடு 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் தொகையில் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் விதிக்கலாம். ஒரு வீட்டின் கொத்துவேலையைக் கூலி ஒப்பந்தத்தில் எடுக்கும் மேஸ்திரி ஒருவரின் பல வருட வருமானத்தை ஒரே விபத்து விழுங்கிவிடும் அளவு இது.

இவ்வளவு பொறுப்பை ஏற்றிவைத்த 1923 சட்டம், அதற்குக் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்கவில்லை. காப்பீடு இல்லாத, சொத்தும் இல்லாத முதலாளியிடம் வேலை செய்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைக்கவேண்டிய தொகை பல நேரங்களில் தாளில் மட்டுமே இருந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1923 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பணியாளர் இழப்பீடு இப்போது அதன் ஏழாம் அத்தியாயத்தில் உள்ளது.

அடுத்த வீட்டுச் சுவர்

நெருக்கமான தெருக்களில் கடைக்கால் தோண்டும்போது அடுத்த வீட்டுச் சுவருக்குப் பிடிமானம் குறைகிறது. 1876-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பவர் எதிர் பீட் வழக்கு இதைப் பற்றியது. தன் வீட்டை இடித்துக் கட்ட ஒருவர் ஒப்பந்ததாரரை அமர்த்தினார். அடுத்த வீட்டைத் தாங்கி நிறுத்தும் பொறுப்பையும், சேதம் வந்தால் ஈடு செய்வதையும் ஒப்பந்ததாரர் ஏற்றிருந்தார். முட்டுக்கொடுத்தது போதாமல் அடுத்த வீடு சேதமடைந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அண்டைவீட்டாருக்கு வீட்டு உரிமையாளர் பொறுப்பே என்று நீதிமன்றம் கூறியது. உரிமையாளர் பின்னர் ஒப்பந்ததாரரிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய வழக்குகளால், வேலையை எடுப்பவர் மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் இடம்பெறத் தொடங்கியது. ஆனால் யார் பெயரில் எடுப்பது என்ற சிக்கல் எஞ்சியது. 1958-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த கோல்டு எதிர் பேட்மன் அண்ட் ஃபாதரிங்ஹாம் வழக்கில், அடித்தூண் இறக்கியதால் அண்டைக் கட்டடங்கள் சேதமடைந்தன. ஒப்பந்ததாரர் தன் பெயரில் மட்டும் காப்பீடு எடுத்திருந்தார். அவர் மேல் கவனக்குறைவும் இல்லை. அண்டைவீட்டார் உரிமையாளரைக் கேட்டனர். உரிமையாளரையும் சேர்த்துக் காப்பீடு எடுக்கும் கடமை ஒப்பந்ததாரருக்கு அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று தீர்ப்பானது. இதற்குப் பிறகு பிரிட்டனின் மாதிரிக் கட்டட ஒப்பந்தங்களில் இதற்கெனத் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்பது தொகை எவ்வளவு என்பதற்கு இணையாக முக்கியம் என்பதே இவ்வழக்கு தந்த பாடம்.

கட்டி முடியாத கட்டடம்

கட்டி முடிந்த வீட்டுக்குத் தீக்காப்பீடு இருந்தது. பாதி கட்டிய சுவர் மழையில் சரிந்தால், வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டால், திருட்டுப்போனால் ஈடு செய்யப் பாலிசி இருக்கவில்லை. இந்த இடத்தை நிரப்பியது ஒப்பந்ததாரர் அனைத்து இடர் பாலிசி. இதன் முதல் பாலிசி 1929-இல் லண்டனின் லாம்பெத் பாலக் கட்டுமானத்துக்கு வழங்கப்பட்டதாகக் காப்பீட்டு வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. அந்தப் பாலம் 1932-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் நடந்த மறுகட்டுமானத்தால் இந்தப் பாலிசி பரவியது.

இதன் வழக்கமான வடிவில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி கட்டுமானத்துக்கும் பொருட்களுக்கும் நேரும் சேதத்துக்கானது. இரண்டாம் பகுதி மூன்றாம் தரப்பினரின் காயத்துக்கும் பொருட்சேதத்துக்கும் உரியது. ஒப்பந்ததாரரின் சொந்த வேலையாட்கள் இந்த இரண்டாம் பகுதியில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக வேண்டும். அனைத்து இடர் என்ற பெயரைப் பார்த்து எல்லாம் இதில் அடங்கும் என்று எண்ணுவது பரவலான பிழை.

சொந்த வேலையின் குறை

நான்காவது கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்த வழக்கு ஒரு கொத்துவேலை நிறுவனத்தைப் பற்றியதே. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஸ்டோன்-ஈ-பிரிக் என்ற நிறுவனம் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் தளமும் வெளிச்சுவர்ப் பூச்சும் செய்துகொடுத்தது. பூச்சில் விரிசல்கள் தோன்றின. அதை அகற்றித் திரும்பப் பூச ஆன செலவை வீட்டுக்காரர்கள் கேட்டு வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் தன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்தை நோக்கித் திரும்பியது. 1979-இல் மாநில உச்சநீதிமன்றம் காப்பீட்டு நிறுவனம் அச்செலவைக் கொடுக்கவேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் காட்டிய வேறுபாடு எளிமையானது. பூச்சு உரிந்து அசிங்கமானால் அதைச் சரிசெய்வது தொழிலின் இயல்பான செலவு. வேலையைக் கவனமாகச் செய்வதன் மூலம் அதைக் கட்டுப்படுத்துவது வேலை செய்பவரின் கையில் இருக்கிறது. அதே பூச்சு பெயர்ந்து கீழே நின்றவர் தலையிலோ, ஓடும் கார் மீதோ விழுந்தால் அது விபத்து. காப்பீடு அந்த விபத்துக்காகவே உள்ளது.

ஒப்பந்ததாரர் அனைத்து இடர் பாலிசியின் வழக்கமான வாசகமும் இதே வழியில் செல்கிறது. மோசமான கலவையால் ஒரு சுவர் விழுந்து, சரியாகக் கட்டிய இன்னொரு பகுதியையும் உடைத்தால், உடைந்த நல்ல பகுதிக்கு ஈடு கிடைக்கும். மோசமாகக் கட்டிய சுவருக்குக் கிடைக்காது. சாய்ந்த சுவரைச் சொந்த வெள்ளியில் நிமிர்த்து என்ற ஹமுராபியின் விதி இந்த இடத்தில் அப்படியே நிற்கிறது.

விதிவிலக்கான நாடு பிரான்ஸ். 1804-இன் நெப்போலியன் சட்டத்தொகுப்பு கட்டடக் கலைஞரையும் ஒப்பந்ததாரரையும் பத்தாண்டுகளுக்குப் பொறுப்பாக்கியது. 1978-இல் அந்தப் பத்தாண்டுப் பொறுப்புக்குக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும், அல்லது அதைப் பயன்படுத்தமுடியாமல் செய்யும் பெருங்குறைகளுக்கு அங்கே காப்பீடு ஈடு தருகிறது.

இந்தியக் காப்பீட்டுச் சந்தை

1972-இன் தேசியமயமாக்கல் சட்டத்தின்படி இந்தியாவின் 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. 1973 ஜனவரி 1 முதல் அவை செயல்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் தலைமையகம் சென்னை. 1999-இன் சட்டத்துக்குப் பின் தனியார் நிறுவனங்கள் திரும்ப வந்தன. பொறியியல் காப்பீடு, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஆகியவற்றின் பிரீமியம் நாடு முழுவதும் ஒரே பட்டியலின்படி வசூலிக்கப்பட்டு வந்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறியது. விலையை ஒப்பிட்டு வாங்கும் வசதி வந்ததோடு, குறைந்த விலைக்குப் பின்னால் எது விலக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டிய பொறுப்பும் வாங்குபவர்மேல் வந்தது.

இதற்குச் சான்று 2006-இல் உச்சநீதிமன்றம் முடிவுசெய்த ஹர்ஷத்பாய் அம்ருத்பாய் மோதியா வழக்கு. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியில் வட்டியும் தண்டத்தொகையும் விலக்கப்பட்டிருந்தன. அப்படி விலக்கிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறியது. அந்நிலையில், காப்பீட்டு நிறுவனம் அசலைக் கொடுத்தாலும் சேர்ந்த வட்டி முதலாளியின் கையிலிருந்தே போகவேண்டும்.

நலவாரியமும் காப்பீடும்

தமிழ்நாட்டில் 1982-இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைக்கப்பட்டது. கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களின் நீண்ட போராட்டம் இதற்குப் பின்னால் இருந்தது. இந்திய அளவில் 1996-இல் கட்டடத் தொழிலாளர் சட்டமும், கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலவரி வசூலிக்க வழிசெய்த சட்டமும் வந்தன. பதிவுசெய்த தொழிலாளிக்கு விபத்து மரணம், ஊனம், ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி போன்றவற்றுக்கு வாரியம் உதவித்தொகை வழங்குகிறது.

இந்த உதவித்தொகை தொழிலாளியின் உரிமை. முதலாளியின் சட்டப் பொறுப்பை இது தீர்க்காது. என் ஆட்கள் எல்லாரும் வாரிய அட்டை வைத்திருக்கிறார்கள், தனியாகப் பாலிசி எதற்கு என்று நினைக்கும் ஒப்பந்ததாரர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார். வேறு மாநிலங்களிலிருந்து வந்து, எங்கும் பதிவுசெய்யாமல் வேலை பார்ப்பவருக்கு அந்த அட்டையும் இருக்காது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் ஆந்திரம், ஒடிசா போன்ற இடங்களிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அருகிலிருந்த இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஒரே நிகழ்வில் நான்கு கேள்விகளும் ஒன்றாக எழும் என்பதை இது காட்டியது. ஒரு குடும்பத்தின் இழப்பீட்டை நிர்ணயிக்க வேலையாளின் பெயர், வயது, கூலி ஆகிய விவரங்கள் வேண்டும். கூலிப் பதிவேடு வைக்காத இடத்தில் அந்த விவரங்கள் வேலையாளோடு மண்ணுக்குள் போய்விடுகின்றன.

தெரிவு செய்தல்

இந்த வரலாற்றிலிருந்து கொத்துவேலை ஒப்பந்ததாரர் ஒருவருக்கான வரிசை கிடைக்கிறது.

முதலில் வருவது பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி. ஐந்து பேரை வைத்துக் கூலி ஒப்பந்தம் செய்யும் மேஸ்திரிக்கும் இது தேவை. பிரீமியம் கூலித் தொகையின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. பிரீமியத்தைக் குறைப்பதற்காகக் கூலியையோ ஆட்களின் எண்ணிக்கையையோ குறைத்துக் காட்டினால், இழப்பீடு கேட்கும் நாளில் அந்தக் குறைவே சிக்கலாகும். துணை ஒப்பந்தத்தில் வரும் ஆட்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, வட்டி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமான இ.எஸ்.ஐ.யில் வருபவர்களுக்கு வேலைக்காயத்துக்கான பயன் அத்திட்டத்தின் வழியே கிடைக்கும். குழு விபத்துக் காப்பீடு வேறு. அது முன்கூட்டியே நிர்ணயித்த ஒரு தொகையைத் தரும். சட்டப்படி வரும் இழப்பீடு அதைவிட அதிகமானால் மீதியை ஒப்பந்ததாரர் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, மூன்றாம் தரப்புப் பொறுப்பு. தனியாகவோ அனைத்து இடர் பாலிசியின் இரண்டாம் பகுதியாகவோ எடுக்கலாம். ஒட்டிய சுவர்கள் உள்ள தெருவில் கடைக்கால் தோண்டுவதாக இருந்தால் அண்டைச் சொத்துகளுக்கான கூடுதல் பிரிவைக் கேட்டுச் சேர்க்கவேண்டும். தோண்டும் முன்பே அடுத்த வீட்டில் இருந்த விரிசல்களை நாளுடன் படமெடுத்து வைப்பது பின்னால் எழும் தகராறைக் குறைக்கும்.

மூன்றாவது, கட்டுமானத்துக்கான அனைத்து இடர் பாலிசி. கூலி ஒப்பந்தத்தில் பொருட்கள் வீட்டுக்காரருடையவை. ஆகவே பாலிசியை அவர் எடுப்பதே பொருந்தும். ஒப்பந்ததாரரின் பெயரும் அதில் சேர்ந்திருக்கவேண்டும். பொருளோடு சேர்த்து வேலை எடுப்பவர் தானே எடுக்கலாம். காப்பீட்டுத் தொகை கட்டி முடியும்போது உள்ள முழு மதிப்புக்கு இருக்கவேண்டும். பாதி மதிப்புக்கு எடுத்தால் இழப்பிலும் பாதியே கிடைக்கும். வேலை இழுத்தால் காலத்தை நீட்டிக்க மறக்கக்கூடாது. கலவை இயந்திரம், தூக்கி போன்றவற்றுக்குத் தனிப் பாலிசி உண்டு.

நான்காவது, ஒப்பந்ததாரரின் சொந்த உயிர். சிறு ஒப்பந்ததாரர்கள் பலர் தாங்களே கரண்டி பிடித்துச் சாரத்தில் நிற்பவர்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் முதலாளிகள். பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி அவர்களுக்கு ஒன்றும் தராது. அவர்களுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும். 2015-இல் தொடங்கிய பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் தருகிறது. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையானவர்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு இது போதாது என்றாலும் தொடக்கமாக இருக்கும்.

எந்தப் பாலிசியும் தாங்காதது சொந்த வேலையின் குறை. செங்கல்லை நனைக்காமல் கட்டியது, கலவையில் மணலைக் கூட்டியது, நீர் ஊற்றி ஆற்றாமல் விட்டது ஆகியவற்றின் செலவு செய்தவரையே சேரும். கைப்பிடிச் சுவரை ஒழுங்காகக் கட்டுவதும் சாரத்தை இறுக்கிக் கட்டுவதும்தான் அதற்கான காப்பு. மற்ற மூன்றுக்கும் பாலிசி எடுக்கவேண்டிய நாள் வானம் தோண்டும் நாளுக்கு முந்தைய நாள்.